சிறைப் பதிவு மென்பொருள்: ஆர் பாக்கலாம், ஆர் மாத்தலாம்? அனுமதி அட்டவணைக்கு யோசனை வேணும்

கொக்குவில்_கோடர் · செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். எங்கட கொம்பனியிலை ஆறு பேர்தான். வெளிநாட்டிலை இருக்கிற பெரிய கொம்பனி ஒண்டு அமெரிக்காவிலை கவுன்ரி ஜெயிலுகளுக்குக் கைதிப் பதிவு மென்பொருள் விக்குது. கவுன்ரி ஜெயில் எண்டால் அங்கத்தை மாவட்டச் சிறை மாதிரி. வழக்கு முடியாமல் விளக்கமறியலிலை இருக்கிறவையும், ஒரு வருசத்துக்கு உள்ளான சின்னத் தண்டனைக்காரரும்தான் கூட. அந்த மென்பொருளின்ர ஒரு துண்டு எங்களிட்டை வந்திருக்கு: பயனர் அனுமதி.

உண்மைத் தரவு ஒண்டும் எங்களுக்கு வராது. அங்கை குற்றவியல் தரவைத் தொடுறதெண்டால் கைரேகை எடுத்து ஆளைச் சோதிச்சுத்தான் விடுவினம். எங்களுக்கு வாறது பொய்ப் பேர், பொய்ப் பிறந்த திகதி. அது நல்லதுதான்.

பிரச்சினை இதுதான். பழைய பதிப்பிலை நாப்பதுக்கு மேலை ரோல், அதாவது ஒவ்வொரு கடமைக்கும் உரிய அனுமதிக் கட்டு, இருக்கு. ஆள் உள்ளை வரேக்கை பதியிறவர், எந்த அறையிலை போடுறதெண்டு தீர்மானிக்கிறவர், மருந்து குடுக்கிறவர், காசுக் கணக்குப் பாக்கிறவர், விடுதலை எழுதுறவர் எண்டு போகுது. ஒருத்தர் பதிவு மேசையிலை இருந்து அறைப் பக்கம் மாறிப் போனால் புது ரோலைக் குடுக்கினம், பழசைக் கழட்டினம் இல்லை. பத்து வருசம் வேலை செய்த ஆளுக்கு இப்ப முழுக் கட்டடமும் திறந்து கிடக்கு. எல்லாத்தையும் பிரிச்சுப்போட்டுத் திரும்பக் கட்டச் சொல்லியிருக்கினம். எங்கை இருந்து தொடங்கிறது? இப்பிடி ஆராவது செய்திருக்கிறியளோ?

—

அட்டவணை_ராசா · செவ்வாய், இரவு 10.25

தம்பி, ரோல் எண்டது ஆளுக்கு இல்லை, கடமைக்கு. 1992இலை ஃபெராயோலோவும் கூனும் எழுதின கட்டுரையின்ர அடிப்படையே அதுதான்: அனுமதியை ரோலிலை கட்டு, ஆளை ரோலிலை ஏத்தி இறக்கு. தேவையான அளவுக்கு மேலை ஒரு அங்குலமும் குடுக்காதை எண்டதை 1975இலேயே சோல்ட்சரும் ஷ்ரோடரும் எழுதிவைச்சிட்டினம். ஏத்திறதை எல்லாரும் செய்யினம், இறக்கிறது ஒருத்தரும் இல்லை. உன்ர நாப்பது ரோலுக்கும் அதுதான் வருத்தம்.

ஜெயிலுக்கு ரோல் மட்டும் காணாது. ரோல், இடம், நேரம் மூண்டையும் சேர்த்துப் பார். ரெண்டாம் மாடியிலை இரவுக் கடமை செய்யிற காவலருக்கு ரெண்டாம் மாடிக் கைதியள், இரவு மட்டும். கடமைப் பட்டியல் கணினியிலை இருந்தால் அதிலை இருந்து எடு. கையாலை ஏத்தாதை.

தரவு வைக்கிற டேற்றாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ் எண்டால் 9.5 பதிப்பிலை இருந்து வரிசை மட்டத்துக் காவல் இருக்கு, அதாவது ஒவ்வொருத்தருக்கும் அவர் பாக்கக்கூடிய வரிசையள் மட்டும்தான் தெரியும். 2016 ஜனவரியிலை வந்தது. ஆனா மூண்டு பள்ளம். அட்டவணையின்ர சொந்தக்காரனை அந்தக் காவல் மறிக்காது, ஃபோர்ஸ் எண்ட சொல்லைப் போட்டால்தான் மறிக்கும். எல்லா அனுமதியும் உள்ள சூப்பர்யூசரை ஒருநாளும் மறிக்காது. வியூ, அதாவது சேமிச்சு வைச்ச தேடல், ஒண்டைச் செய்தால் அது தன்ர சொந்தக்காரன்ர அனுமதியிலை ஓடும்; கேக்கிற ஆளின்ர அனுமதியிலை ஓட வைக்கிற வசதி 15ஆம் பதிப்பிலைதான் வந்தது. நான் ஒருக்கா இந்த மூண்டாவதிலை விழுந்து எழும்பினவன். திரையிலை எல்லாம் வடிவா மறைஞ்சிருந்தது. மாத அறிக்கையை எக்செல்லிலை இறக்கினால் முழுப் பேரும் வருது.

—

கிறுக்கன்77 · செவ்வாய், இரவு 10.31

எல்லாரையும் அட்மின் ஆக்கிவிடுங்கோ. வேலை முடிஞ்சுது, பேந்து கொத்துரொட்டி சாப்பிடப் போகலாம்.

—

பண்ணைக்_காத்து · செவ்வாய், இரவு 10.48

@கிறுக்கன்77 சிரிக்காதேங்கோ, நான் வேலை செய்த ஒரு ஒப்பிசிலை உண்மையிலேயே அப்பிடித்தான். பாஸ்வேர்ட் மொனிற்றருக்குப் பின்னாலை ஒட்டியிருந்தது. இடமாற்றத்திலை போனவர் போகேக்கை மேசைச் சாவியையும் பாஸ்வேர்ட்டையும் ஒண்டாத்தான் குடுத்திட்டுப் போனவர்.

—

பழைய_எழுதுவினைஞர் · புதன், காலை 6.10

தம்பிமாருக்கு வணக்கம். எனக்குக் கணினி பற்றி அதிகம் தெரியாது. அரச சேவையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் சில வருடங்கள் ஒரு சிறைச்சாலை அலுவலகத்தில் பதிவேடு எழுதியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் இரண்டொரு வார்த்தை.

எங்கள் பதிவேடு கட்டிய புத்தகம். பக்கத்துக்கு எண் அச்சடித்து வரும். பக்கம் கிழிக்க முடியாது. கிழித்தால் எண் காட்டிக்கொடுத்துவிடும். பிழை எழுதினால் சிவப்பு மையால் ஒரு கோடு, பழைய எழுத்து வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், பக்கத்தில் சிறு கையொப்பம், திகதி. வெள்ளை மை பூசியவனை அத்தியட்சகர் அறைக்குக் கூப்பிட்டு நிற்க வைத்து ஏசியதைக் கண்டிருக்கிறேன். கைதி உள்ளே வந்த நேரம் எழுதாமல் திகதி மட்டும் எழுதினாலும் ஏச்சுத்தான். அப்போது அது எனக்கு வீண் கெடுபிடியாகத் தெரிந்தது.

ஆக, மாற்றியது யார் என்பதற்குப் புத்தகத்தில் பதில் இருந்தது. வாசித்தது யார் என்பதற்கு இருக்கவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. ஏனென்றால் புத்தகம் ஓர் இரும்பு அலுமாரியில், சாவி ஒருவரிடம். வாசிக்க விரும்புகிறவன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று கேட்க வேண்டும். நான் அவன் முகத்தைப் பார்ப்பேன். "உமக்கு என்னத்துக்கு ஐசே அவற்ற பைல்?" என்று கேட்பேன். அந்தக் கேள்வியை உங்கள் கணினி கேட்கிறதா?

யாழ்ப்பாணம் சின்ன இடம். உள்ளே வந்த பையனின் தகப்பனை எனக்குத் தெரிந்திருக்கும். காவலருக்கு அவனுடைய மாமன் மச்சானைத் தெரிந்திருக்கும். பெண்ணெடுத்த வீட்டுச் செய்தி பின்னேரத்துக்குள் ஊருக்குப் போய்விடும். ஒரு எழுத்தும் மாற்றாமல் ஒரு குடும்பத்தைக் கெடுக்கலாம். வாசித்தாலே போதும்.

—

கொக்குவில்_கோடர் · புதன், காலை 8.55

ஐயா, உங்கட கேள்விக்குப் பதில்: இப்ப கேக்கிறதில்லை. மாத்தின லொக், அதாவது ஆர் எப்ப மாத்தினது எண்ட பதிவு, இருக்கு. பாத்த லொக் இல்லை. கொம்பனியிலை கேட்டதுக்கு, பாத்ததையெல்லாம் எழுதினால் சேர்வர் நிரம்பிப்போகும் எண்டு சொன்னவை.

இன்னொரு சங்கடமும் இருக்கு. அமெரிக்காவிலை சிறைக்குள்ளை நடக்கிற பாலியல் வன்முறையைத் தடுக்க 2003இலை ஒரு சட்டம், அதுக்கு 2012இலை விதியள். உள்ளை வந்து 72 மணித்தியாலத்துக்குள்ளை ஒவ்வொருத்தரிட்டையும் கேள்வி கேட்டு, ஆர் ஆபத்திலை இருக்கினம் எண்டு பாக்கவேணும். முந்தி துன்பப்பட்டிருக்கோ எண்டதும் அதிலை வரும். அந்தப் பதிலுகள் அவருக்கே கேடாய்த் திரும்பாமல் பரவலைக் கட்டுப்படுத்தவேணும் எண்டு அதே விதியிலை இருக்கு. ஆனா அறை ஒதுக்கிறவருக்கு அந்தப் பதில் இல்லாமல் வேலை ஓடாது. மருந்துப் பக்கமும் இதே கதைதான்.

—

வோட்_நேர்ஸ் · புதன், பகல் 1.15

இதுக்கு நான் பதில் சொல்லலாம் தம்பி. கைதியளை எங்கட வோட்டுக்குக் கொண்டுவருவினம். கட்டிலோடை விலங்கு, பக்கத்திலை ரெண்டு காவலர். கட்டில் தலைமாட்டிலை நோய் விபரம் எழுதின ரிக்கற் தொங்கும். இரவு அலுப்பிலை இருக்கிற காவலர் என்ன செய்வார்? எடுத்து வாசிப்பார். கெட்ட எண்ணம் ஒண்டும் இல்லை, பொழுது போகவேணும். விடிய அந்த நோயின்ர பேர் தேத்தண்ணிக் கடையிலை நிக்கும். நான் ரிக்கற்றை எங்கட மேசையிலை வைக்கத் தொடங்கினதுக்கு ஒரு பெரியவர் என்னோடை சண்டைக்கு வந்தவர். "நாங்கள் பாதுகாப்புக்கு வந்த ஆக்கள், எங்களுக்கு மறைக்கிறியளோ" எண்டு.

அவர் சொன்னதிலையும் ஒரு நியாயம் இருந்தது. அவருக்கு ஏதோ தெரியத்தான் வேணும். ஆனா நோயின்ர பேர் தேவையில்லை. என்ன செய்யவேணும் எண்டு தெரிஞ்சால் காணும். "கையுறை போடுங்கோ." "கீழ்க் கட்டில் குடுங்கோ, மேலை ஏறக்கூடாது." "இவருக்குச் சாப்பாடு பிந்தக்கூடாது." மூண்டாவதைப் பாத்துக் கெட்டிக்காரன் சீனி வருத்தம் எண்டு ஊகிப்பான்தான். ஊகிக்கட்டும். ஊகத்தை ஆரும் பிறின்ற் எடுத்துக்கொண்டு போகேலாது.

ஒண்டு மட்டும் மறைக்கக்கூடாது. தனக்குத்தான் ஏதும் செய்துபோடுவார் எண்டு பயம் இருந்தால், அது அந்த நேரம் கடமையிலை நிக்கிற எல்லாருக்கும் தெரியவேணும். எத்தினை நிமிசத்துக்கு ஒருக்காப் போய்ப் பாக்கிறது எண்டதோடை.

இரவு ரெண்டு மணிக்கு ஆள் மூச்சுவிட ஏலாமல் கிடக்கு, நேர்ஸ் இல்லை எண்டால்? அப்ப காவலருக்கும் ஒவ்வாமைப் பக்கம் திறக்கவேணும். கண்ணாடியை உடைச்சுச் சாவி எடுக்கிற பெட்டி மாதிரி. காரணம் எழுதித்தான் திறக்கும், திறந்த உடனை எங்கட ஆக்களுக்கும் பெரியவருக்கும் செய்தி போகும். காலமை ஆராவது அவரைக் கூப்பிட்டுக் கேக்கவேணும். கேக்காட்டி ரெண்டு மாதத்திலை எல்லாரும் அந்தப் பெட்டியாலைதான் போய் வருவினம்.

—

ரொறன்ரோ_பனை · வியாழன், அதிகாலை 4.02

இங்கை இருந்து ஒண்டு சொல்லுறன், நான் கணினிப் பாதுகாப்புப் பக்கம் வேலை செய்யிறனான். நீங்கள் எல்லாரும் ரோலைப் பற்றிக் கதைக்கிறியள். கதவை உடைக்காமல் ரோலைக் களவெடுக்கிறவனை என்ன செய்யிறது?

மிச்சிகனிலை வாஷ்டனோ எண்டொரு கவுன்ரி. 2017இலை ஒரு இளந்தாரி, ஜெயிலிலை இருந்த தன்ர சிநேகிதனைக் கெதியா வெளியிலை எடுக்கிறதுக்கு, கவுன்ரியின்ர இணைய முகவரி மாதிரியே ஒண்டைப் பதிஞ்சான். ஆங்கில டபிள்யூ எழுத்துக்குப் பதிலா ரெண்டு வீ எழுத்து. பக்கத்திலை பக்கத்திலை போட்டால் கண்ணுக்குத் தெரியாது. மின்னஞ்சல் அனுப்பினான். பேந்து தகவல் தொழில்நுட்பப் பிரிவிலை இருந்து கதைக்கிறன் எண்டு ஊழியர்மாருக்குப் போன் அடிச்சான். 1,600 பேருக்கு மேலை பாஸ்வேர்ட் அவன்ர கையிலை. ஜெயில் பதிவுக்குள்ளை போய் ஆவணத்தை மாத்தியும் போட்டான். பிடிபட்டு 2018இலை 87 மாதம் தண்டனை. கவுன்ரிக்குச் செலவு ரெண்டு லட்சத்து முப்பத்தையாயிரம் டொலருக்கு மேலை.

இதிலை எனக்குப் பிடிபட்டது: விடுதலைத் திகதியை ஒராளின்ர லொகினாலை மாத்தக்கூடியதாய் இருக்கக்கூடாது. ஒருத்தர் எழுதவேணும், வேறையொருத்தர் வேறை இடத்திலை இருந்து ஒப்பவேணும். எழுதினவரே ஒப்பக் கூடாது, அவர் அத்தியட்சகராய் இருந்தாலும். இன்னும் சரியெண்டால், திகதியைக் கையாலை அடிக்கவே விடக்கூடாது. தண்டனை எவ்வளவு, முந்தி இருந்த நாள் எவ்வளவு, நன்னடத்தைக் கழிவு எவ்வளவு எண்டு குடுத்தால் திகதி தானாய் வரவேணும்.

—

அட்டவணை_ராசா · வியாழன், காலை 7.30

@ரொறன்ரோ_பனை தானாய் வாற திகதியையும் நம்பாதேங்கோ அண்ணை. வாஷிங்டன் மாநிலத்திலை 2002 தொடக்கம் 2015 மட்டும் நன்னடத்தைக் கழிவைக் கணினி பிழையாக் கணக்குப் பாத்து, 3,200 பேர் வரை நேரத்தோடை வெளியிலை விட்டது. ஒருத்தரும் களவெடுக்கேல்லை. அனுமதி எல்லாம் சரி. சூத்திரம் பிழை.

அதை 2012இலை கண்டுபிடிச்சுச் சொன்னது ஆர் தெரியுமோ? பாதிக்கப்பட்ட ஒருத்தரின்ர குடும்பம். தாங்களே நாள் எண்ணிப் பாத்திருக்கினம். சொல்லியும் திருத்த மூண்டு வருசம் போனது.

—

மல்லாகம்_சட்டம் · வியாழன், இரவு 8.20

சட்டப் பக்கத்திலிருந்து கொஞ்சம். பழைய எழுதுவினைஞர் ஐயா சொன்ன கட்டிய புத்தகம், எண்ணிட்ட பக்கம், இவை சும்மா உள்ளூர்ப் பழக்கம் அல்ல. ஐக்கிய நாடுகளின் 1955ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச விதிகளில் 7ஆம் விதி அப்படியே அதைத்தான் கேட்கிறது. 2015 டிசம்பரில் அவ்விதிகளைத் திருத்தி நெல்சன் மண்டேலா விதிகள் என்று பெயரிட்டபோது 6ஆம் விதியில் மின் தரவுத்தளமும் சேர்ந்தது. கூடவே இரண்டு நிபந்தனை: யார் என்ன செய்தார் என்ற தடம் பாதுகாப்பாக இருக்க வேண்டும், அனுமதியில்லாமல் பார்ப்பதையும் மாற்றுவதையும் தடுக்க வேண்டும். 'பார்ப்பதையும்' என்பதைக் கவனியுங்கள், கோடர். சேர்வர் நிரம்பிவிடும் என்கிற கொம்பனிக்கு இதைக் காட்டலாம்.

7ஆம் விதி உள்ளே வரும்போது எழுத வேண்டியதைச் சொல்கிறது. அதில் வந்த நாள் மட்டுமல்ல, மணியும் உண்டு. உடம்பில் தெரியும் காயம், முன்பு அடித்ததாக முறைப்பாடு இருந்தால் அது, கொண்டுவந்த பொருட்கள், குடும்பத்தவர் பெயர். காயத்தை எழுதுகிறவரே பின்னர் அதை அழிக்கக்கூடியவராக இருந்தால் அந்தப் பத்தி வீண். அதற்கு அழிக்கும் அனுமதியே யாருக்கும் வைக்காதீர்கள்.

9ஆம் விதியின் முதற்பாதியை எல்லா மென்பொருட்காரரும் வாசித்திருப்பார்கள்: தொழில்முறைக் கடமைக்குத் தேவையானவர்க்கு மட்டும் திறக்க வேண்டும். பிற்பாதியை யாரும் வாசிப்பதில்லை. ஒவ்வொரு கைதியும் தன்னைப் பற்றிய பதிவைப் பார்க்கலாம். வெளியே போகும்போது பிரதி கேட்டு வாங்கலாம். உங்கள் நாற்பது ரோலில் அவர் எங்கே?

இங்கேயும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், குற்றம், வழக்கு, தண்டனை பற்றிய தரவைச் சிறப்பு வகையில்தான் சேர்த்திருக்கிறது. நாளைக்கு உங்கள் கொம்பனிக்கு உள்ளூர் வேலை வந்தால் இதே கேள்வி திரும்ப வரும்.

—

வெயிலும்_மழையும் · வெள்ளி, இரவு 11.50

நான் இந்த இழையை மூண்டு நாளாய் வாசிச்சுக்கொண்டிருக்கிறன். எழுதுறதோ விடுறதோ எண்டு யோசிச்சனான்.

1996. என்ர மாமா, அம்மாவின்ர தம்பி, சைக்கிளிலை போனவர் வரேல்லை. அம்மா ஒவ்வொரு வாசலாய்ப் போனவ. நான் அவவின்ர சீலையைப் பிடிச்சுக்கொண்டு போன வயசு. ஒரு சிஆர் கொப்பியிலை திகதி போட்டு எழுதி வைச்சவ: எந்த வாசல், எத்தினை மணி, ஆர் வந்து பதில் சொன்னது, என்ன சொன்னது. கடைசி நிரலிலை பக்கம் பக்கமாய் ஒரே சொல்தான்: இல்லை.

பதில் சொன்னவை எல்லாரும் பொய்தான் சொன்னவையோ எண்டு எனக்குத் தெரியாது. சிலவை உண்மையிலேயே ஒரு பட்டியலைப் புரட்டிப் பாத்திட்டுத்தான் சொன்னவை. மாமாவின்ர பேர் அடையாள அட்டையிலை ஒரு மாதிரி, பள்ளிக்கூடத்திலை ஒரு மாதிரி. தகப்பன் பேர் முன்னுக்கோ பின்னுக்கோ எண்டதிலையே ஒரு குழப்பம். சிங்களத்திலை எழுதி, பேந்து ஆங்கிலத்திலை எழுதினால் ஆள் ஆளாய் இராது.

தம்பி, நீங்கள் எல்லாரும் 'பாக்கிறது', 'மாத்திறது' எண்டு ரெண்டு அனுமதியைப் பற்றிக் கதைக்கிறியள். 'இல்லை' எண்டு சொல்லுற அனுமதி ஆருக்கு? அது எங்கையாவது பதியுதோ? வாசலிலை நிக்கிறவர் தேடுறார், ஒண்டும் வரேல்லை, இல்லை எண்டு சொல்லுறார். ஏன் வரேல்லை? ஆள் இல்லையோ, எழுத்து மாறியோ, ஆள் இருந்தும் அவருக்குப் பாக்க அனுமதி இல்லையோ? மூண்டுக்கும் அவற்றை திரை ஒரே மாதிரித்தான் இருக்கும்.

—

கிறுக்கன்77 · சனி, காலை 9.05

அக்கா, மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா தம்பி கேட்டது அமெரிக்கா மென்பொருள். அரசியலை இதுக்குள்ளை கொண்டுவந்தால் இழை திசைமாறிப் போகுமெல்லோ.

—

அட்டவணை_ராசா · சனி, காலை 10.40

@கிறுக்கன்77 திசை மாறேல்லை. அக்கா என்ர பிழையைத்தான் பிடிச்சிருக்கிறா.

வரிசை மட்டத்துக் காவல் எப்பிடி வேலை செய்யுது? அனுமதி இல்லாத வரிசையை மறுக்காது. சத்தமில்லாமல் வடிச்சு எடுத்துப்போடும். எழுதுவினைஞர் தேடினால் 'உனக்கு அனுமதி இல்லை' எண்டு வராது, பூச்சியம் முடிவு எண்டு வரும். அவர் நேர்மையான ஆளாய் இருந்தாலும் வாசலுக்கு வந்து பொய் சொல்லுவார். பொய் எண்டு அவருக்கே தெரியாது. நான் செவ்வாய்க்கிழமை பெருமையாய் எழுதினது இந்தக் காவலைத்தான்.

சரி, 'மறைக்கப்பட்டிருக்கு' எண்டு காட்டினால்? அதிலை வேறை ஆபத்து. வழக்கிலை சாட்சி சொல்லப் போறவரை, தகவல் குடுத்தவரைத்தான் மறைப்பினம். மறைச்சிருக்கு எண்டு திரை சொன்னாலே ஆர் எண்டு உள்ளை இருக்கிறவைக்கு விளங்கிவிடும். பெட்டியைப் பூட்டி அதுக்கு மேலை 'நகை' எண்டு எழுதி ஒட்டின மாதிரி.

இரவு முழுக்க இதைத்தான் யோசிச்சன். எனக்குப் பட்டது இது. பூச்சியம் வாற எல்லாத் தேடலுக்கும் ஒரே பதிலைக் குடுப்பம். மறைச்சதாலை வந்த பூச்சியமோ, எழுத்துப் பிழையாலை வந்த பூச்சியமோ, உண்மைப் பூச்சியமோ, எல்லாத்துக்கும்: 'இந்தத் தேடல் பதிவுப் பொறுப்பதிகாரிக்குப் போயிருக்கு, இலக்கம் இது.' வாசல் மேசையிலை இருக்கிறவருக்கு 'இருக்கு' எண்டு சொல்லலாம். 'இல்லை' எண்டு தனிய முடிக்க ஏலாது. முழுப் பதிவையும் பாக்கக்கூடிய ஒராள்தான் 'இல்லை' எண்டு ஒப்பம் போடுவார், அவற்றை பேரோடை அது லொக்கிலை இருக்கும். எல்லாப் பூச்சியமும் ஒரே பாதையாலை போறபடியால் எது மறைச்ச ஆள் எண்டு மேசைக்காரருக்குத் தெரியவராது.

விடுதலைக்கு ரெண்டு ஆள் ஒப்பம் எண்டால் 'இல்லை'க்கும் ரெண்டு ஆள் ஒப்பம். வேலை கூடும். கூடட்டும்.

—

மல்லாகம்_சட்டம் · சனி, காலை 11.15

ராசா சொல்வதற்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. வலிந்து காணாமலாக்கப்படுவதற்கு எதிரான சர்வதேச சமவாயத்தின் 17ஆம் உறுப்புரை தடுத்துவைக்கப்பட்டவர் பதிவேட்டைக் கட்டாயமாக்குகிறது. 22ஆம் உறுப்புரை, பதியாமல் விடுவதையும், பிழையெனத் தெரிந்தே பதிவதையும் தண்டிக்கச் சொல்கிறது. இலங்கை 2016இல் ஏற்று, 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமாக்கியது. அமெரிக்கா அதில் சேரவில்லை. ஆகவே கோடர், உங்கள் வாடிக்கையாளரிடம் இதைச் சட்டம் என்று சொல்ல முடியாது. நல்ல வடிவமைப்பு என்று சொல்லலாம்.

—

கொக்குவில்_கோடர் · சனி, இரவு 7.30

அக்கா, எழுதினதுக்கு நன்றி. நான் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். அவ ஒண்டும் சொல்லேல்லை, எழும்பி உள்ளை போட்டா.

அங்கத்தை நிலைமை இன்னொரு பக்கத்தாலை தலைகீழ். கன கவுன்ரியிலை உள்ளை இருக்கிறவையின்ர பட்டியல் இணையத்திலை பப்ளிக். பேர், படம், என்ன குற்றச்சாட்டு எல்லாம். ஆர் வேணுமெண்டாலும் பாக்கலாம். கைதி வெளியிலை வந்தால் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிக்கிற சேவை 1994இலை கென்டக்கியிலை, லூயிவில் பக்கம், தொடங்கினது; முன்னாள் காதலன் பிணையிலை வந்தது தெரியாமல் ஒரு பெண் கொலையான பிறகு. அப்ப தாய்க்குத் தேட வழி இருக்கு. ஆனா குற்றம் நிரூபிக்கப்படாத பெடியன்ர படமும் வேலை குடுக்க யோசிக்கிற முதலாளிக்குத் தெரியுது. எங்கட ஆக்களுக்கு ஒண்டும் தெரியாமல் இருந்தது, அவைக்கு எல்லாம் தெரியுது. நடுவிலை ஒரு கோடு போட்டவையை நான் இன்னும் காணேல்லை.

திங்கள் இரவு அவையோடை கூட்டம். எல்லாத்தையும் ஒரு கடதாசியிலை எழுதிக்கொண்டு போறன்.

—

பழைய_எழுதுவினைஞர் · ஞாயிறு, காலை 6.05

மின்சாரம் போனால் என்ன செய்வார்கள் என்றும் கேளும் தம்பி. கணினி படுத்தால் கைதி வருவது நிற்காது. அந்த நேரத்துக்கு எண்ணிட்ட பக்கங்களுடன் ஒரு புத்தகம் மேசையில் இருக்கட்டும். பிறகு கணினியில் ஏற்றுகிறவர் ஏற்றிய நேரத்தையும், ஆள் உண்மையில் வந்த நேரத்தையும் வேறு வேறாக எழுத வேண்டும். இரண்டும் ஒன்றாகிவிட்டால் பதிவு கெட்டது.

—

கொக்குவில்_கோடர் · 9 நாள் கழிச்சு, இரவு 10.10

கூட்டம் ஒண்டு இல்லை, மூண்டு நடந்தது. நிலைமை இதுதான்.

பாத்த லொக்: ஓம் எண்டிட்டினம். 6ஆம் விதியைக் காட்டினதாலை இல்லை. காவலர் ஒருத்தர் பக்கத்து வீட்டுக்காரன்ர பதிவைப் பாத்து அவையிட்டையே ஒரு வழக்கு நடக்குதாம். ஐயா கேட்ட கேள்வியையும் போடுறம்: தன்ர பகுதியிலை இல்லாத கைதியைத் திறந்தால் 'ஏன்' எண்டு ஒரு பெட்டி வரும்.

விடுதலைக்கு ரெண்டு ஒப்பம்: ஓம். இரவிலை மேலதிகாரி இல்லாட்டி என்ன செய்யிறது எண்டு இன்னும் இழுபடுது. விடுதலை ஆக வேண்டிய ஆளை ஒரு ஒப்பத்துக்காக விடியும் மட்டும் வைச்சிருக்கிறதும் பிழை எண்டு அவையே சொன்னவை, அது சரிதான்.

நோய்க்குப் பதிலா 'என்ன செய்யவேணும்': நேர்ஸ் அக்காவின்ர சொல்லை அப்பிடியே மொழிபெயர்த்துக் குடுத்தன். உடனை பிடிச்சுக்கொண்டினம். கண்ணாடிப் பெட்டியும் ஓம்.

கடமை நேரத்தோடை ரோல் ஏறி இறங்கிறது: இப்ப இல்லை. கடமைப் பட்டியல் இன்னும் சுவரிலை வெள்ளைப் பலகையிலை இருக்காம். அதுக்குப் பதிலா 90 நாளுக்கு ஒருக்கா ரோல் தானாய்க் காலாவதியாகும், பெரியவர் திரும்ப ஒப்பவேணும். அவர் பாக்காமல் எல்லாத்தையும் ஒப்புவார் எண்டு எனக்குத் தெரியும். ராசா அண்ணைக்கும் தெரியும்.

பூச்சியம் முடிவு: இதைத்தான் கனநேரம் கதைச்சது. ஒரு நாளைக்கு எத்தினை பூச்சியம் வருது எண்டு எண்ணிப் பாப்பம் எண்டினம். எண்ணினால் அரைவாசிக்கு மேலை எழுத்துப் பிழை. ஒரு சின்ன ஜெயிலிலை பரீட்சார்த்தமாய்ச் செய்து பாக்கினம்.

அட்டவணையிலை கடைசி நிரலாய் 'கைதி' எண்டு போட்டுக்கொண்டு போனனான். அங்கத்தை ஒரு மனிசி கேட்டா, இந்தப் பயனருக்கு லொகின் என்ன எண்டு. இல்லை எண்டன். அப்ப ஏன் நிரல் எண்டா. 9ஆம் விதியைச் சொன்னன். ரெண்டாம் கட்டத்திலை பாப்பம் எண்டினம். நிரலை அழிக்கச் சொல்லேல்லை.

—

அட்டவணை_ராசா · அதே இரவு, 10.32

அழிச்சுப்போடாதை. வெறுமையாய்க் கிடக்கட்டும், ஒவ்வொரு கூட்டத்திலையும் ஆராவது கேப்பினம்.

—

வெயிலும்_மழையும் · அடுத்த நாள், காலை 7.15

தம்பி, உங்கட பொய்த் தரவிலை தமிழ்ப் பேர் இருக்கோ? இல்லாட்டி ஒண்டு சேர்க்கலாமோ? மாமாவின்ர பேரை, அம்மாவின்ர கொப்பியிலை இருக்கிற மாதிரியே நாலு விதமாய் எழுதித் தனிமடலிலை அனுப்பியிருக்கிறன். எதை அடிச்சாலும் ஒரே ஆள்தான் வரவேணும்.

—

கொக்குவில்_கோடர் · அடுத்த நாள், இரவு 11.40

போட்டுப் பாத்தன் அக்கா. மூண்டுக்கு ஆள் வாறார். நாலாவதுக்கு இன்னும் பூச்சியம்தான் வருது. பாத்துக்கொண்டிருக்கிறன்.